மௌன குருவும் மின்கிதாரும்

மெஹர் பாபா 1925 ஜூலை 10 அன்று பேச்சை நிறுத்தினார். 1969 ஜனவரி 31 அன்று மறையும்வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல், அவர் வாய் திறந்து பேசவில்லை. அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1976 மே 31 அன்று, லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் 'தி ஹூ' என்ற ராக் இசைக்குழு வாசித்தபோது, ஒலிபெருக்கிகளிலிருந்து 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் பதிவானது. உலகிலேயே அதிக ஓசை எழுப்பும் குழு என்று கின்னஸ் புத்தகம் அதைச் சேர்த்துக்கொண்டது. இப்படியொரு போட்டி காதுகளைக் கெடுக்கும் என்று பிற்காலத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. அந்தக் குழுவின் கிதார் கலைஞரும், அதன் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவருமான பீட் டவுன்ஷென்ட், மெஹர் பாபாவின் அடியார்.

பேசாத குருவைக் காதைப் பிளக்கும் ஓசையால் வழிபட முடியுமா என்ற கேள்வியை ஒரு நட்சத்திரத்தின் விசித்திரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தியச் சிந்தனைக்கு அது பழைய கேள்வி. நாதமே பிரம்மம் என்று சொன்ன மரபும் இங்கே உண்டு. ஓசை முழுவதும் அடங்கிய இடத்தில்தான் மெய்ப்பொருள் என்று சொன்ன மரபும் உண்டு. இரண்டையும் ஒரே ஆள் ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க, தி ஹூவின் 1969 முதல் 1973 வரையிலான பாடல்களைப்போல வசதியான இடம் வேறில்லை. அந்தப் பாடல்கள் வென்ற இடங்களைவிடத் தோற்ற இடங்களே இந்தக் கேள்வியில் அதிகம் கற்பிக்கின்றன.

குழுவின் தொடக்கத்தில் பக்தி எதுவும் கிடையாது. பாடகர் ரோஜர் டால்ட்ரி, கிதாரில் டவுன்ஷென்ட், பேஸ் கிதாரில் ஜான் என்ட்விசில், டிரம்ஸில் கீத் மூன் என்ற நால்வரும் 1964-ல் மேற்கு லண்டனில் ஒன்றுசேர்ந்தார்கள். அதே ஆண்டு, ஹாரோ பகுதியில் ரயில்வே ஹோட்டல் என்ற மதுக்கூடத்தில் வாசிக்கும்போது, தாழ்வான கூரையில் இடித்து டவுன்ஷென்டின் கிதார் உடைந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். வேண்டுமென்றே செய்ததுபோல அவர் மிச்சத்தையும் அடித்து நொறுக்கினார். பிறகு அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கருவிகளை உடைப்பது குழுவின் முத்திரையாகிவிட்டது. இதற்குப் பின்னால் ஒரு கோட்பாடும் இருந்தது. டவுன்ஷென்ட் ஈலிங் கலைக்கல்லூரியில் படித்தபோது, நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்த குஸ்தாவ் மெட்ஸ்கர் என்ற கலைஞர் அங்கே உரையாற்றினார். அணுகுண்டைக் குவித்து வைத்திருக்கும் உலகத்தில், தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் படைப்புதான் நேர்மையானது என்பது அவர் வாதம். மாணவர் டவுன்ஷென்ட் அதிலிருந்து எடுத்துக்கொண்டது கருவியின் அழிவை. 'நான்' அழிவது என்ற இன்னொரு அழிவைப் பற்றி அவர் கேள்விப்பட இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

1967 ஜூன் 18 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே இசைவிழாவில் தி ஹூ வாசித்தது. ஊர் திரும்பும் விமானத்தில் டவுன்ஷென்ட் எடுத்துக்கொண்ட போதைப்பொருள் அவரைப் பயமுறுத்திவிட்டது. தன் உடலைவிட்டுப் பிரிந்து, இருக்கையில் கிடக்கும் தன்னைத் தானே மேலிருந்து பார்த்ததாக அவர் பின்னர் விவரித்தார். அத்தோடு அத்தகைய போதைகளை விட்டார். அந்த நாட்களில்தான் மைக் மெக்கினர்னி என்ற ஓவிய நண்பர் வழியாக மெஹர் பாபாவின் பெயர் அவரை எட்டியது. போதை மாத்திரையில் கடவுளைத் தேடுவது வீண் என்றும் கேடு என்றும் பாபா 1966-லேயே ஒரு சிறு வெளியீட்டில் எச்சரித்திருந்தார். லண்டன் இளைஞர்களில் பாதிப்பேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்த எச்சரிக்கை அது. டவுன்ஷென்ட் பாபாவை நேரில் பார்த்ததே இல்லை.

மெஹர் பாபா 1894-ல் புனேயில் ஈரானிய ஜொராஷ்டிரியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இயற்பெயர் மெர்வான் ஷெரியார் இரானி. கல்லூரியில் படிக்கும் வயதில், வேப்பமரத்தடியில் வாழ்ந்த ஹஸ்ரத் பாபாஜான் என்ற முதிய முஸ்லிம் பெண்துறவியைச் சந்தித்தது அவர் வாழ்க்கையை மாற்றியது. பின்னர் ஷீரடி சாயிபாபாவிடமும் சாகோரியின் உபாஸ்னி மகராஜிடமும் சென்றார். தம்மை இந்த யுகத்தின் அவதாரம் என்று அறிவித்தார். மௌனம் தொடங்கியபின் எழுத்துப் பலகையில் விரல் வைத்துப் பேசினார். 1954-ல் அதையும் விட்டுக் கைச்சைகைக்கு மாறினார். அவர் போதனையின் மையம் துளியும் கடலும். உயிர் என்பது கடலின் துளி. தான் தனியென்று அந்தத் துளி நினைப்பதற்குக் காரணம் பிறவிதோறும் சேர்ந்த சம்ஸ்காரங்கள். அவை தேய்ந்து தீர்ந்தால் துளி தன்னைக் கடலென்று அறியும். வேதாந்தம் படித்தவர்களுக்கும் சூஃபி மரபு அறிந்தவர்களுக்கும் இதில் புதிது அதிகமில்லை.

புதிது அவருடைய மௌனத்தில் இருந்தது. இது சாதாரண மௌனவிரதம் அல்ல. ஒருநாள் தாம் மௌனத்தைக் கலைத்து ஒரே ஒரு சொல்லைச் சொல்லப்போவதாகவும், அது எல்லா உள்ளங்களிலும் கேட்கும் என்றும் அவர் மீண்டும் மீண்டும் தெரிவித்தார். அந்தச் சொல் செவிக்குக் கேட்கும்படி வராமலே அவர் மறைந்தார். 1930-களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஞானிகளைத் தேடி அலைந்த ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன், பாபாவிடம் ஏமாற்றத்தோடு திரும்பி, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தேடியது கிடைத்ததாக எழுதினார். பிரண்டனின் தீர்ப்பு பாபாவுக்கு நியாயம் செய்ததா என்பது வேறு விஷயம். ஆனால் அவர் கண்ட இரண்டு மௌனங்களும் வேறு வேறு வகை. ரமணரின் மௌனம் எதையும் வாக்களிக்கவில்லை. அதுவே உபதேசம், அதற்கு மேல் வர வேண்டியது ஒன்றுமில்லை. பாபாவின் மௌனம் ஒரு சொல்லைக் கருவுற்றிருந்தது. முதல் வகை மௌனத்தின் சீடன் சும்மா இருக்கக் கற்றுக்கொள்வான். இரண்டாவது வகையின் சீடன் காதைத் தீட்டிக் காத்திருப்பான். காத்திருப்பவன் இசைக்கலைஞனாக இருந்தால், வராத அந்த ஒலியைத் தானே எழுப்பிப் பார்க்கும் ஆசை அவனை விடாது. டவுன்ஷென்டின் அடுத்த சில ஆண்டுகளை இந்த ஆசையைக் கொண்டு விளக்கிவிடலாம்.

1969 மே மாதம் வெளிவந்த 'டாமி' இரட்டை இசைத்தட்டின் அட்டையை வரைந்தவர் அதே மெக்கினர்னி. பங்களித்தோர் பட்டியலில் அவதார் என்ற இடத்தில் மெஹர் பாபாவின் பெயர் அச்சாகியிருக்கிறது. கதை இது. முதல் உலகப் போரின் காலத்தில் பிறக்கும் டாமி, குழந்தையாக இருக்கும்போது ஒரு கொலையைக் கண்ணாடியில் பார்த்துவிடுகிறான். நீ எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, யாரிடமும் சொல்லக் கூடாது என்று பெற்றோர் அழுத்திச் சொல்ல, அவன் உண்மையிலேயே பார்வையும் கேள்வியும் பேச்சும் இல்லாதவனாகிறான். உறவினர்கள் அவனைக் கொடுமைப்படுத்துகிறார்கள். வெளியுலகம் அவனுக்கு அதிர்வுகளாக மட்டுமே எட்டுகிறது; அந்த அதிர்வுகளை அவன் உள்ளே இசையாக அனுபவிக்கிறான். பின்பால் விளையாட்டில் அவனை வெல்ல ஆளில்லை. (இந்தப் பின்பால் பகுதி தத்துவத்திலிருந்து வந்ததல்ல. நிக் கோன் என்ற இசை விமர்சகர் அந்த விளையாட்டில் பைத்தியமாக இருந்தார். கதை ரொம்பவும் கனமாக இருப்பதாக அவர் நினைத்ததால், அவருக்குப் பிடிக்கும்படி கடைசி நேரத்தில் எழுதியது. குழுவின் மிகப் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றாக அது ஆனது.) டாமி எப்போதும் கண்ணாடி முன் நிற்கிறான். தாய் ஆத்திரத்தில் கண்ணாடியை உடைக்க, புலன்கள் திறந்துகொள்கின்றன.

ஞானம் கிடைத்தது என்று பெரும்பாலான பக்திக் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். 'டாமி'யின் வலிமை அதற்குப் பிறகு தொடங்குகிறது. விடுபட்டவன் குருவாகிறான். கூட்டம் சேர்கிறது. வீடு போதாமல் முகாம் அமைக்கிறார்கள். முகாமில் வியாபாரமும் நடக்கிறது. தான் அடைந்ததை எல்லோரும் அடைய வேண்டும் என்று டாமி ஒரு முறையை வகுக்கிறான்: சீடர்கள் கண்ணை மறைத்து, காதை அடைத்து, வாயில் தக்கை வைத்துக்கொண்டு பின்பால் ஆட வேண்டும். சீடர்கள் கொதித்தெழுந்து அவனை விட்டுப் போய்விடுகிறார்கள். அவனிடம் மிஞ்சுவது, யாரை நோக்கி என்று திட்டமாகச் சொல்லாத ஒரு வேண்டுதல்.

கொடுமையால் விளைந்த ஊனத்தை ஒருவன் மீட்சியின் வாசலாகக் கண்டான். அதே வாசலை மற்றவர்களுக்குக் கட்டாயமாக்கும்போது அது மறுபடி கொடுமையாகிறது. அனுபவத்தை முறையாக மாற்றினால் அனுபவம் செத்து முறை மட்டும் மிஞ்சும் என்பதை ஒரு அடியார், தம் குரு மறைந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில் வெளியான ஆல்பத்தில் பாடுகிறார். பாபாவை ஏற்றுக்கொண்டவர் குருமார்களின் வீழ்ச்சியை எழுதியது முரண் என்று சிலர் கருதினார்கள். முரண் இல்லை. நாம் காண்பதும் கேட்பதும் மாயை என்றால் நாம் எல்லோருமே டாமிதான் என்பது டவுன்ஷென்டின் விளக்கம். அந்த விளக்கத்தின்படி, கண் திறந்ததும் கடை திறக்கும் டாமி இன்னும் முழுதாக விழித்தவன் அல்ல. பாபாவும் தம் முறையென்று ஒரு பயிற்சியைப் பொதுவில் வைக்கவில்லை. அன்பையும் சேவையையும் தவிர நிலையான சாதனை எதையும் எல்லோருக்கும் விதிக்கவில்லை.

ஆனால் 'டாமி' மேடைக்கு வந்தபோது, எந்தக் கூட்டத்தைப் பற்றி அது எச்சரித்ததோ அதே கூட்டத்தைச் சேர்த்தது. 1969 ஆகஸ்ட் 17 அன்று உட்ஸ்டாக் இசைவிழாவில் தி ஹூ விடியற்காலையில் வாசித்தது. 'டாமி'யின் கடைசிப் பகுதியில் சூரியன் உதித்தது. படம் எடுத்தவர்கள் திட்டமிட்டிருந்தாலும் அப்படி அமைந்திருக்காது. அதே நிகழ்ச்சியின் நடுவில் ஒலிவாங்கியைப் பிடித்து அரசியல் பேச வந்த ஆர்வலர் ஏபி ஹாஃப்மனை டவுன்ஷென்ட் கிதாரால் இடித்து விரட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உட்ஸ்டாக்கை ஆன்மிக நிகழ்வாகக் கொண்டாடியவர்கள் பலர். டவுன்ஷென்டுக்கு அது பிடிக்கவே இல்லை. 1970 ஜூனில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் 'டாமி' ஏறியது. அந்தச் சுற்றுப்பயணங்களில் கடைசிப் பகுதி வரும்போது அரங்கம் எழுந்து நிற்பது வழக்கமாகிவிட்டது.

இங்கே இன்னொரு சிக்கல். வேண்டுதலை எழுதியவர் டவுன்ஷென்ட்; பாடியவர் டால்ட்ரி. டால்ட்ரி பாபாவின் அடியார் அல்ல. குடும்பம், உழைப்பு, குரல் என்று தரையில் கால் ஊன்றிய ஆள். அப்படியானால் மேடையில் வேண்டுவது யார்? ஓதுவார் பாடும் பதிகத்தில் வேண்டுவது ஓதுவாரா, எழுதிய நாயனாரா என்று நம் கோயில்களில் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் இருவரும் ஒரே நம்பிக்கைக்குள் நிற்கிறார்கள். இங்கே அந்தக் கூரை இல்லை. ஆனாலும் டால்ட்ரியின் குரலில் வந்தபோதுதான் அந்த வரிகளுக்கு ஊர் முழுக்கக் கேட்கும் வலு கிடைத்தது. டவுன்ஷென்ட் தாமே பாடிய பக்திப் பாடல்கள், பாபாவின் பிறந்தநாளையொட்டி அடியார்கள் வட்டத்துக்காக வெளியிட்ட இசைத்தட்டுகளில் உள்ளவை, மென்மையானவை, கொஞ்சம் கூச்சமானவைகூட. நம்பிக்கை இல்லாதவரின் தொண்டை நம்பிக்கையை நன்றாக எடுத்துச் செல்வது, பக்தியில் அகத்தூய்மை ஒன்றே போதும் என்பவர்களுக்குச் சங்கடமான உண்மை.

'டாமி'க்கு அடுத்து டவுன்ஷென்ட் தொடங்கிய 'லைஃப்ஹவுஸ்' இந்தச் சங்கடத்தை அறிவியலால் தீர்க்கப் பார்த்த முயற்சி. அதன் வேர் பரோடாவில் இருக்கிறது. 1882-ல் அங்கே பிறந்த இனாயத் கான் வீணைக் கலைஞர். அவருடைய தாத்தா மௌலா பக்ஷ் தெற்கே வந்து கர்நாடக இசையும் கற்றவர். 1910-ல் மேற்கு நாடுகளுக்குச் சென்ற இனாயத் கான் சூஃபி நெறியை இசையின் மொழியில் விளக்கினார். படைப்பு முழுவதும் அதிர்வு. ஒவ்வொரு மனிதனும் ஒரு சுருதி. எல்லா ஒலிகளுக்கும் அடியில் எதுவும் எதனோடும் மோதாமல் எழும் ஆதி ஒலி ஒன்று உண்டு. அதையே யோகிகள் அநாஹதம் என்பார்கள். அவருடைய அமெரிக்கச் சீடர்களில் ஒரு பிரிவினர் பின்னாளில் மெஹர் பாபாவை ஏற்றுக்கொள்ள, 1952-ல் பாபா அவர்களுக்கான அமைப்பைப் புதிதாக வகுத்துக் கொடுத்தார். அந்த வழியாக இனாயத் கானின் சொற்பொழிவுகள் பாபா அடியார்களின் அலமாரிகளில் இடம்பிடித்தன.

'லைஃப்ஹவுஸ்' கதையில் காற்று கெட்டுப்போன ஒரு எதிர்கால இங்கிலாந்து வருகிறது. மக்கள் தனித்தனி உடைகளுக்குள் அடைபட்டு, ஒரு வலைப்பின்னல் அனுப்பும் அனுபவங்களில் வாழ்கிறார்கள். ராக் இசைக்குத் தடை. ஒருவன் ரகசியமாக ஒரு கச்சேரி நடத்துகிறான்; வந்தவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் சுருதி கண்டுபிடிக்கப்பட்டு, எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே பூரண ஒலியாகும் கணத்தில் கூட்டம் முழுவதும் மறைந்துவிடுகிறது. டவுன்ஷென்ட் இதைக் கதையாக மட்டும் விடவில்லை. 1971-ன் தொடக்கத்தில் லண்டன் யங் விக் நாடக அரங்கில் பொதுமக்களை வரவழைத்து வாசித்தார்கள். வருபவர்களின் உடல் விவரங்களைச் சின்தசைசரில் செலுத்தி, ஒவ்வொருவரிடமிருந்தும் ஓர் இசைக்கோலம் எடுக்கலாம் என்பது திட்டம். வந்தவர்களுக்கு அது புரியவில்லை. பழைய வெற்றிப் பாடல்களைக் கேட்டார்கள். குழுவின் மற்ற மூவருக்கும்கூட முழுதாகப் புரிந்ததாகத் தெரியவில்லை. திட்டம் சரிந்தது, டவுன்ஷென்டும் சேர்ந்து சரிந்தார்.

பணமும் தொழில்நுட்பமும் போதவில்லை என்று பொதுவாக எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் திட்டத்துக்குள்ளேயே ஒரு தத்துவப் பிழை இருந்தது. பாபாவின் போதனையில் ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்தும் குணங்களும் விவரங்களும் சம்ஸ்காரத்தின் பக்கம் சேர்ந்தவை, தேய வேண்டியவை. 'லைஃப்ஹவுஸ்' அந்த விவரங்களையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. கழிக்க வேண்டியதைக் கூட்டிப் பூரணத்தைப் பெறப் பார்த்தது. 'டாமி'யில் எதை விமர்சித்தாரோ அதையே, தக்கைக்குப் பதில் மின்சுற்று வைத்து, டவுன்ஷென்ட் செய்யத் துணிந்தார் என்றும் சொல்லலாம். சீடர்கள் இந்த முறையும் எழுந்து போய்விட்டார்கள்.

இடிபாடுகளிலிருந்து எடுத்த பாடல்களைக் கொண்டு 1971 ஆகஸ்டில் 'ஹூஸ் நெக்ஸ்ட்' வெளிவந்தது. குழுவின் ஆகச்சிறந்த ஆல்பம் என்று பலரும் அதைத்தான் சொல்வார்கள். 'பாபா ஓ'ரைலி' என்ற முதல் பாடலின் தலைப்பில் மெஹர் பாபாவும் அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலியும் இருக்கிறார்கள். (கிரானா கரானாவின் பண்டிட் பிரான் நாத்திடம் 1970-ல் சீடராகச் சேர்ந்தவர் ரைலி, அந்தத் தலைப்பில் இந்தியா இரண்டு முறை ஒளிந்திருக்கிறது.) ஒரு லாவ்ரி ஆர்கனின் தானியங்கி மீட்டல் சுழன்றுகொண்டே இருக்க, அதன்மேல் மூன்றே சுரக்கூட்டுகள் வந்து விழுகின்றன. சுழலும் அந்தக் கோலம் மாறாத தன்மையையும், மூனின் டிரம்ஸ் நிலைகொள்ளாத தன்மையையும் பிடித்திருக்க, தத்துவம் விளக்கமின்றியே காதுக்கு வருகிறது. 'பார்கெய்ன்' என்ற பாடல் எல்லாவற்றையும் இழந்து ஒன்றைப் பெறுவது லாபம் என்கிறது. காதலிக்குப் பாடுவதாகக் கேட்பவருக்குக் காதல் பாட்டு. பாபாவுக்கென்று எடுத்துக்கொண்டால் சரணாகதி. நாயகன் நாயகி பாவத்தில் பாடல்கள் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இரட்டைப் பொருள் பழகியதே. ஆதி ஒலியைத் தேடும் கதையின் மையப் பாடலான 'ப்யூர் அண்ட் ஈஸி' மட்டும் அந்த ஆல்பத்தில் இடம்பெறாமல் வெளியே நின்றது.

1973 அக்டோபரில் வந்த 'குவாட்ரோஃபீனியா'வில் குரு இல்லை, முகாம் இல்லை, கச்சேரியும் இல்லை. ஜிம்மி என்ற பதின்வயது லண்டன் பையன், மாட் எனப்படும் இளைஞர் கூட்டத்தைச் சேர்ந்தவன். அவனுக்குள் நான்கு ஆளுமைகள். குழுவின் நால்வருக்கும் ஆளுக்கொன்று. வீடு, வேலை, காதலி, ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. அவன் வழிபட்ட மாட் தலைவன் பிரைட்டனில் ஹோட்டல் மூட்டை தூக்குகிறான். கடைசியில் ஒரு படகைத் திருடிக் கடலுக்குள் ஒரு பாறையில் தனியே போய் நிற்கிறான், மழையில். 'டிரவுண்ட்' பாடல் பாபாவின் துளியும் கடலும் போதனையிலிருந்தே பிறந்தது. 'லவ், ரெய்ன் ஓ'எர் மீ' மழையைக் கடவுளின் அருளென்று பாபா சொன்னதிலிருந்து வந்தது. இத்தனை இருந்தும் பாபாவின் பெயரோ பாடமோ கதைக்குள் இல்லை. ஜிம்மிக்கு யாரும் எதையும் கற்றுத்தரவில்லை. அவன் பிழைத்தானா என்பதையும் ஆல்பம் சொல்லவில்லை. டவுன்ஷென்டின் பக்தி எழுத்தில் உச்சம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்: கடவுளைக் காட்டுவதற்குப் பதிலாகக் கடவுள் வரக்கூடிய வெற்றிடத்தைக் காட்டுகிறது.

மேடையில் அது சரியாக அமையவில்லை. முன்கூட்டியே பதிவு செய்த ஒலிநாடாக்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டியிருந்தது. நாடாக்கள் அடிக்கடி காலை வாரின. 1973 நவம்பரில் நியூகாசில் அரங்கில் டவுன்ஷென்ட் பொறுமையிழந்து ஒலிக்கருவிகளைப் பிய்த்தெறிந்தார். கதை புரியட்டும் என்று டால்ட்ரி பாடல்களுக்கிடையே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தனிமையைப் பற்றிய படைப்பைப் பல ஆயிரம் பேர் முன்னால் நிகழ்த்துவதில் உள்ள இடறல் ஒலிநாடாவோடு முடிவதில்லை.

கூட்டத்தில் கரைவதும் கடவுளில் கரைவதும் ஒன்றா என்ற கேள்விக்கு இங்கே வந்து சேர வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-ல் வெளியிட்ட நூலில், மனிதர்கள் ஒன்றுகூடி ஆடிப் பாடும்போது எழும் கொதிப்பிலிருந்துதான் புனிதம் என்ற உணர்வே பிறக்கிறது என்று வாதிட்டார். அவர் சொல்வது சரியென்றால், உட்ஸ்டாக்கின் விடியலில் நிகழ்ந்தது சமயமே. வேறு சான்று தேவையில்லை. 1943-ல் இங்கிலாந்தில் இறந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் இதற்கு நேரெதிர். 'நான்' என்பதைத் தாண்ட இரண்டு திசைகள் உண்டு என்று அவர் பிரித்தார். ஒன்று கீழ்நோக்கி, கூட்டத்துக்குள். மற்றது மேல்நோக்கி, ஆளற்ற நிலைக்கு. இரண்டிலும் 'நான்' மறைவதால் முதலாவதை இரண்டாவது என்று நினைத்து ஏமாறுவது எளிது. இரண்டாவதோ தனிமையில் மட்டுமே கைகூடும். 'குவாட்ரோஃபீனியா'வின் பாறை வெய்லின் பக்கம் நிற்கிறது. 'லைஃப்ஹவுஸ்' துர்கைமின் பக்கம்.

1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தி ஹூவின் கச்சேரியில் இந்த வேறுபாடு ஏட்டைவிட்டு இறங்கியது. இருக்கை எண் இல்லாத டிக்கெட்டுகள், திறந்திருந்த சில கதவுகள், வெளியே பெருங்கூட்டம். உள்ளே ஓசை கேட்டதும் கச்சேரி தொடங்கிவிட்டதென்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். 11 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். குழுவுக்குக் கச்சேரி முடிந்த பிறகுதான் சொன்னார்கள். முன்னால் இருப்பவர் விழுந்தது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. கூட்டத்துக்கு உடல் இருந்தது. அந்த உடலுக்கு வலி தெரியவில்லை. இறப்புகளுக்கு அரங்க நிர்வாகத்தின் ஏற்பாடுகள் காரணமே தவிர பாடல்கள் காரணமல்ல. ஆனால் ஒன்றாகக் கலப்பது தன்னளவிலேயே புனிதம் என்ற எண்ணம் அந்த மாலைக்குப் பிறகு யாருக்கும் எளிதாக இருக்கவில்லை.

ஓசையின் விலையை டவுன்ஷென்ட் தம் உடலிலும் கொடுத்தார். 1965 வாக்கில் ஜிம் மார்ஷல் அவருக்கும் என்ட்விசிலுக்கும் கட்டிக்கொடுத்த 100 வாட் ஒலிபெருக்கிகள், 1967-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் மூனின் டிரம்ஸுக்குள் அளவுக்கு மீறி வைக்கப்பட்ட வெடிமருந்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் மாட்டிய ஹெட்போன் எல்லாம் சேர்ந்து கேட்கும் திறனைக் குறைத்தன. காதில் ஓயாத இரைச்சல் தங்கியது. எதுவும் மோதாமல் எழும் ஒலியைத் தேடியவருக்குக் கடைசியில் இப்படித்தான் கிடைத்தது என்று கேலி செய்ய இடமுண்டு. அவரே அத்தகைய கேலிக்குச் சளைத்தவர் அல்ல. 1989 சுற்றுப்பயணத்தில் பெரும்பாலும் மின்னிணைப்பில்லாத கிதாரையே வாசித்தார். அடியாராகவும் அவர் ஒழுங்கு தவறாதவர் அல்ல. 1976-ல் தேம்ஸ் கரையில் ட்விக்கன்ஹாமில் பாபா அடியார்களுக்கென்று ஒரு மையம் தொடங்கியவர், அடுத்த சில ஆண்டுகளில் குடியிலும், 1981-ல் ஹெராயினிலும் விழுந்து, சிகிச்சை பெற்று மீண்டார். குருவின் முதல் எச்சரிக்கையே போதையைப் பற்றியது.

கீத் மூன் 1978-லும் என்ட்விசில் 2002-லும் இறந்தபின் எஞ்சிய இருவரும் பெயரைத் தொடர்ந்தார்கள். 2012 ஆகஸ்ட் 12 அன்று லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் 'பாபா ஓ'ரைலி'யும் 'டாமி'யின் வேண்டுதலும் ஒலித்தன. மைதானத்தில் இருந்தவர்களில் அந்தப் பாபா யார் என்று அறிந்தவர்கள் மிகக் குறைவாகவே இருந்திருப்பார்கள். அமெரிக்கத் துப்பறியும் தொடர் ஒன்றின் முகப்பு இசையாகவும் அதே பாடல் வந்தது. எழுதியவர் வைத்த பொருள் கேட்பவரிடம் போய்ச் சேராதபோது அது பக்திப் பாடலாக நீடிக்கிறதா என்றால், மெஹர் பாபாவின் சொந்த ரசனையில் ஒரு பதில் இருக்கிறது. அவருக்கு மிகப் பிடித்த பாடல்களில் ஒன்று கோல் போர்ட்டரின் 'பிகின் தி பிகீன்'. இன்னொன்று ஜிம் ரீவ்ஸ் பாடிய 'தேர்ஸ் எ ஹார்ட்ஏக் ஃபாலோயிங் மீ'. இரண்டும் கடவுளை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. ஒன்று நடன இசை, மற்றது கைவிட்டுப்போன காதலைப் பற்றிய கிராமியப் பாணிப் பாட்டு. பாபா அவற்றில் இறைவனுக்கான ஏக்கத்தைக் கேட்டார். எழுதியவரின் அனுமதி அவருக்குத் தேவைப்படவில்லை. டவுன்ஷென்ட் 1972-ல் 'ஹூ கேம் ஃபர்ஸ்ட்' என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டபோது, பாபா இயற்றிய பிரார்த்தனைக்குத் தாம் இசையமைத்த 'பர்வர்திகார்' பாடலையும், ஜிம் ரீவ்ஸின் அந்தக் காதல் பாட்டையும் ஒரே இசைத்தட்டில் சேர்த்தார்.